சோலையம்மா சொன்னது

பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்தால் மார்க் வரும் என்பது திருச்சியில் எல்லாருக்கும் தெரியும். நீங்களும் அதற்காகத்தான் எடுத்தீர்கள், விஜயராணி. ஜன்னலோரம் இரண்டாவது பெஞ்ச். இருநூறுக்கு நூற்றுத் தொண்ணூற்று நாலு. இன்று இன்ஸ்பெக்டராக எதிரில் உட்கார்ந்து அந்த வீடியோவை நாலு முறை போட்டுப் பார்த்துவிட்டு, "ஒரு வார்த்தைகூடப் புரியலை டீச்சர்" என்றீர்கள். வருத்தப்பட ஒன்றுமில்லை. முப்பத்தோரு வருஷம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தேன். ஒரு பிள்ளைகூட வகுப்புக்கு வெளியே என்னிடம் ஒரு வாக்கியம் பிரெஞ்சில் பேசியதில்லை. நானும் பேசச் சொன்னதில்லை. பேசினால் எனக்குப் பதில் வருமா என்பது எனக்கே நிச்சயமில்லாமல் இருந்தது.

போலீசிடம் எழுதிக் கொடுப்பது கோர்ட்டில் நிற்காது, மாஜிஸ்திரேட் முன்னால் மறுபடி சொல்ல வேண்டியிருக்கும் என்றீர்கள். சொல்கிறேன். சொன்னதையே திரும்பச் சொல்வது எனக்குப் பழகிய வேலைதான்.

என் பெயர் பெலிண்டா. வயது அறுபத்து மூன்று. பாலக்கரையில் பிறந்து வளர்ந்தேன். அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். கல்யாணம் ஆகவில்லை. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. வந்து கேட்டவர்கள் முடிவாகக் கேட்கவில்லை, அவ்வளவுதான். பாண்டிச்சேரியிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு சிஸ்டர் எனக்கு பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தார். எம்.ஏ. தபாலில் படித்தேன். பிரான்சுக்குப் போனதில்லை. விமானத்தில் ஏறியதே இல்லை.

2016 ஆடி மாதம் பத்திரிகையின் உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரி வந்தது. பழைய பிரெஞ்சு சினிமா நடிகை ஒருவர் ஸ்ரீரங்கத்தில் வீடு எடுத்துத் தங்கியிருக்கிறார், எழுபத்திரண்டு வயது, பெயர் சொலாஞ் மார்வில். அந்தச் சனிக்கிழமையே ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினேன். அம்மா மண்டபம் ரோட்டில் இறங்கும்வரை ஒரே வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிக்கொண்டு போனேன்: 'மதாம், தங்களைச் சந்திப்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன், என் துணிச்சலைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.' அதில் பிழை கிடையாது. மாடிப்படி ஏறி அதைச் சொன்னேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னார். புரியவில்லை. மூன்றாம் முறை வார்த்தை வார்த்தையாகப் பிரித்துச் சொன்னார். 'செருப்பைக் கழற்ற வேண்டாம், தரை ஈரமாக இருக்கிறது' என்பதுதான் அது. இருபத்தெட்டு வருஷ சர்வீஸ் அப்போது எனக்கு.

அவர் சிரித்தார். நான் பேசுவது வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கிறதாம். உட்காரவைத்துக் காபி கொடுத்தார். அடுத்த சனிக்கிழமையும் வா என்றார். அதற்குப்பிறகு கொரோனா மாதங்கள் தவிர ஒரு சனிக்கிழமைகூட நான் தவறவிடவில்லை. கொரோனாவில் போனில் பேசினோம்.

அவருடைய வாழ்க்கையை அவரைவிட நான் ஒழுங்காகச் சொல்வேன். அவர் சொல்லும்போது வருஷங்களை முன்னே பின்னே மாற்றிவிடுவார்.

லெ ஆவ்ர் என்ற துறைமுக ஊர். வீட்டில் வைத்த பெயர் ஜோசியான். அவர் பிறந்த 1944-லேயே அப்பா குண்டுவீச்சில் போய்விட்டார். அம்மா மறுமணம் செய்துகொண்டு, துணி வெளுத்து, இவரையும் பின்னால் பிறந்த தங்கையையும் வளர்த்தார். பதினேழு வயதில் பாரீசில் ஒரு பெரிய கடையில் கையுறை விற்கப் போனார். மனைவிக்குக் கையுறை வாங்க வந்த டைரக்டர் ஒருவர், இவர் போட்டுக் காட்டிய கையைப் பார்த்துவிட்டு, முகத்தைப் பார்க்காமலேயே வேலை கொடுத்தார். முதல் படத்தில் இவருடைய கை மட்டும்தான் நடித்தது. கதாநாயகிக்கு நகம் கடிக்கிற பழக்கம். அதனால் அவள் கடிதம் எழுதுகிற காட்சியில் எழுதுவது மதாமின் கை. மூன்றாவது படத்தில்தான் முகம் வந்தது. அதுவும் ஆற்றங்கரையில் ஒதுங்கிய பிணத்தின் முகம்.

மொத்தம் இருபத்து மூன்று படம். பதினோரு படத்தில் செத்துப்போவார். காசநோய், விஷம், துப்பாக்கி, இரண்டு முறை தண்ணீர். "நான் அவ்வளவு நன்றாகச் செத்தேன், என்னைக் கடைசி ரீல்வரை உயிரோடு வைத்திருக்க யாருக்கும் மனசு வரவில்லை" என்பார். பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரே படம். அதில் சொந்தக்காரர்கள் அவரைப் பைத்தியம் என்று சொல்லி ஒரு விடுதியில் அடைத்துவிடுவார்கள். பூட்டிய கதவுக்குப் பின்னால் நின்று காவல்காரனிடம் கெஞ்சுவார். நாலு நிமிஷம், நடுவில் வெட்டே கிடையாது. அதற்குப் பரிசு கிடைத்தது. நாற்பது தாண்டியதும் அம்மா வேஷம். பிறகு அதுவும் நின்று டி.வி.யில் சூப் விளம்பரம். அது மட்டும் பதினெட்டு வருஷம் ஓடியிருக்கிறது. கடைத்தெருவில் பிள்ளைகள் அவரைக் காட்டி 'சூப்' என்பார்களாம்.

1971-ல் ஒரு படத்துக்காக இங்கே வந்திருக்கிறார். முக்கொம்பில் ஒன்பது நாள் எடுத்தார்கள். தயாரிப்பாளர் கைவிரித்துவிட்டார், படம் வெளியே வரவில்லை. யூனிட் ஊர் திரும்பியபிறகும் இவர் பத்து நாள் ஸ்ரீரங்கத்தில் தங்கினார். யாருக்கும் இவரைத் தெரியவில்லை என்பது அப்போது ஒரு விளையாட்டாக இருந்தது. நாற்பத்தைந்து வருஷம் கழித்து, கேமராமேனாக இருந்த கணவரும் இறந்தபிறகு, மறுபடி வந்தார். பாரீசில் யாருக்கும் அடையாளம் தெரியாமல் போனது அவருக்கு வலித்திருக்கிறது. இங்கே அது வலிக்க வேண்டிய அவசியம் இல்லை. பூக்காரிகள் அவர் பெயரை இரண்டு நாள் சொல்லிப் பார்த்துவிட்டுச் சோலையம்மா என்று வைத்துக்கொண்டார்கள். அது அவருக்குப் பிடித்திருந்தது.

கீழ்வீட்டில் உரிமையாளர் ரெங்கராஜ் சார், ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர், மனைவியோடு இருக்கிறார். மாடியில் மதாம். சமையலுக்கும் வீட்டு வேலைக்கும் பக்கத்து மேலூரிலிருந்து வீரம்மாள் வருவாள். எல்லாரிடமும் மதாம் இங்கிலீஷில்தான் பேசுவார். என்னிடம் மட்டும் பிரெஞ்சு.

2022 நவம்பரில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சு மூன்று வாரத்தில் திரும்பியது. ஆனால் இங்கிலீஷ் திரும்பவில்லை. அப்படி ஆவதுண்டு, பிறகு கற்ற மொழி போய்ப் பிறந்த மொழி மட்டும் நிற்கும் என்று டாக்டர் மாதவன் சொன்னார். திருவானைக்காவலில் கிளினிக் வைத்திருக்கிறார், நல்ல மனிதர். அவர் என்னைப் பார்த்து, "இனிமே நீங்கதான் டீச்சர் அவங்களுக்கு வாய்" என்றார். நான் பாலக்கரை வீட்டைக் காலிசெய்துவிட்டு மாடிக்கே வந்துவிட்டேன்.

முதல் நாலு மாதம் ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிசியோதெரபி செய்ய வந்தவரை மதாம் கழுதை என்றபோது, கழுதை என்றுதான் சொன்னேன்.

மார்ச் மாதம் வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்க ரெங்கராஜ் சார் மேலே வந்தார். "அம்மா இங்கேயே இருக்கப் போறாங்களா, ஊருக்குப் போறாங்களா டீச்சர்?" மதாம் சொன்னது இது: வெயில் ஏறுவதற்குள் பிரான்சில் நாந்த் நகரில் இருக்கும் தங்கை மகள் எலோடியிடம் போய்விட விரும்புகிறேன், இவர் என்னை மிகவும் மரியாதையாக நடத்தினார், நன்றி சொல். நான், "இங்கேயேதான் சார் இருக்கணுமாம். ரெங்கநாதர் காலடியை விட்டுப் போக மனசில்லைங்கறாங்க" என்றேன். காலடி நான் சேர்த்தது. ரெங்கராஜ் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. கைகூப்பினார். தன் நன்றியை ஏற்றுக்கொண்டார் என்று நினைத்து மதாமும் இடது கையை நெஞ்சில் வைத்து வணங்கினார். இரண்டு பேருக்கும் திருப்தி. அதில் யாருக்கு என்ன கெடுதல் என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் யோசித்துத்தான் பார்க்கிறேன்.

போனால் எலோடி என்ன செய்வாள்? வேலைக்குப் போகிறவள். ஏதாவது ஒரு ஹோமில் சேர்ப்பாள். அங்கே குளிர்காலத்தில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், மதாமே சொல்லியிருக்கிறார். இங்கே வெளிச்சம் இருக்கிறது, வீரம்மாள் வைக்கிற ரசம் இருக்கிறது, பேசுவதற்கு நான் இருக்கிறேன். நான் என்னை நினைத்து அதைச் செய்ததாக எலோடி எழுதிக் கொடுத்திருக்கிறாள். இருந்திருக்கலாம். சனிக்கிழமை தவிர மற்ற நாட்களில் நான் யாரோடும் பேசாமல் இருந்தவள் என்பது அவளுக்குத் தெரியாது.

மதாமிடம், டாக்டர் விமானத்தில் ஏறக் கூடாது என்கிறார் என்று சொன்னேன். பிறகு, தூதரகத்தில் ஃபைல் நகரவில்லை என்றேன். ஃபைல் என்று ஒன்று கிடையாது. அவருடைய போன் என்னிடம் இருந்தது. ஒரு கையால் அவருக்கு அதைப் பிடித்து அழுத்த வராது. எலோடியிடம், பெரியம்மாவுக்கு வார்த்தைகள் குழம்பிவிட்டன, எவ்வளவு கேட்டாலும் அர்த்தம் வராது, போனில் குரல் கேட்டால் பதறுகிறார் என்று எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு போட்டோ அனுப்புவேன். தூங்கும்போது எடுத்தது, அல்லது பூ வாங்கும்போது எடுத்தது. 'பெலிண்டா, நீங்கள் ஒரு புனிதை' என்று அவள் பதில் எழுதினாள். அதில் ஓர் எழுத்துப்பிழை இருந்தது. நான் சொல்லிக்காட்டவில்லை.

அந்த நாட்களில் நான் பேசியதுபோல பிரெஞ்சு வாழ்நாளில் பேசியதில்லை. காலையிலிருந்து பேச்சுதான். முதலில் கேட்டுக்கொண்டிருந்தார், பிறகு கெஞ்சினார், பிறகு திட்டினார். மூன்றும் பேச்சுதானே. சொல்லப்போனால் கோபத்தில்தான் அவருக்கு நிஜமான தெருப்பேச்சு வரும், லெ ஆவ்ர் துறைமுகத்து வார்த்தைகள், எந்த அகராதியிலும் இல்லாதவை. ஒன்றிரண்டு புரியாதபோது இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்பேன். பிறகு நோட்டில் எழுதி வைப்பேன். அந்த நோட்டை நீங்கள் எடுத்துப்போயிருக்கிறீர்கள். அதைப் பெரியம்மாவுக்கு என் மேலிருந்த வெறுப்புக்குச் சாட்சி என்கிறாள் எலோடி. அது சொற்பட்டியல். அகர வரிசையில் இருக்கிறது, பாருங்கள்.

போன வருஷம் ஆகஸ்டில் டாக்டர் மாதவனிடம் போனோம். வழக்கமாகப் பார்ப்பதுதான். நெஞ்சில் ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டார். மதாம் இடது கையால் நெஞ்சைத் தொட்டு, மூன்று வாரமாகப் படி ஏறினால் அழுத்துகிறது, வலி தாடைவரை வருகிறது என்றார். நான் யோசித்தேன். இதயம் என்றால் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே பாஸ்போர்ட் கேட்பார்கள், சொந்தக்காரர் கையெழுத்து கேட்பார்கள். எலோடி வருவாள். வந்தால் திரும்பிப் போகும்போது தனியாகப் போகமாட்டாள். அதனால், "சாப்பிட்டதும் நெஞ்சு கரிக்குதாம் டாக்டர், புளிச்ச ஏப்பம் வருதாம்" என்றேன். எதற்கும் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடலாமே என்றார் அவர். வயர் ஒட்டுவது என்றாலே அவருக்குப் பயம், வேண்டவே வேண்டாம் என்கிறார் என்றேன். வயிற்றுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடையில் மதாம் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார். அதே வயிற்று மாத்திரையை அவர் பாரீசிலும் சாப்பிட்டிருக்கிறார்போல. பஸ்ஸா ஆட்டோவா என்று நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அட்டையை என் கையில் வைத்துவிட்டு வாசலுக்கு நடந்தார்.

நவராத்திரிக்குக் கீழ்வீட்டில் கொலு. ரெங்கராஜ் சாரும் அவர் மனைவியும் சுண்டல் எடுத்துக்கொண்டு மேலே வந்தார்கள். மதாம் நாற்காலியைப் பிடித்து எழுந்தார். தடியை ஊன்றி நேரே ரெங்கராஜ் சார் முன்னால் போய் நின்று பேச ஆரம்பித்தார். வார்த்தை தெளிவாக இருந்தது. கண்ணீர் வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. அவர் திகைத்துப்போய், "என்ன டீச்சர் சொல்றாங்க?" என்றார்.

"அந்தப் படத்து சீன் சார். பூட்டின கதவுக்குப் பின்னாடி நின்னு பேசுவாங்கன்னு சொன்னேனே. அது."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. போனை எடுத்து வீடியோ பிடித்தார். மதாம் தன்னை அவர் கவனித்துக் கேட்கிறார் என்று நினைத்து இன்னும் நெருங்கிப் போய், அவருக்குப் புரியவேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார். இரண்டு நிமிஷம் பன்னிரண்டு செகண்ட். முடிந்ததும் ரெங்கராஜ் சார் போனைச் சட்டைப்பையில் வைத்துவிட்டுக் கைதட்டினார். அவர் மனைவியும் தட்டினார். "எண்பது வயசுல எவ்வளவு ஞாபகம் பாருங்க டீச்சர். கண்ணுல தண்ணி நிஜமா வருது." மதாம் அவர் கைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கைதட்டல் எதற்காக வரும் என்பது இருபத்து மூன்று படம் நடித்தவருக்குத் தெரியாமல் போகுமா? சுண்டலைச் சாப்பிடாமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

அதன்பிறகு என்னிடம் அவர் கெஞ்சவில்லை. மார்கழியில் நான் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். வீரம்மாளுக்குப் பின்னாலேயே சமையலறையில் போய் உட்காருகிறார். அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுகிறாள், இவர் சொல்கிறார். தண்ணி. கதவு. போதும். வா. ஒரு நாள் வீரம்மாள் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்து வலிக்குது என்று சொல்லிக் காட்டினாள். மதாம் நெஞ்சில் கைவைத்து அதைச் சொன்னார். உச்சரிப்பு மோசமில்லை.

வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாள், தெருவெல்லாம் வெளியூர்க் கூட்டமாக இருந்தபோது, வீரம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "டீச்சரம்மா, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க. அது நடிக்கலைங்க."

உனக்கு பிரெஞ்சு தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாதுங்க. ஆனா நெஞ்சு வலிச்சா எங்க கையை வைப்பாங்கன்னு தெரியும். எங்க வீட்டுக்காரரு அப்படித்தான் வச்சாரு."

நான் அவள்மேல் கோபப்படவில்லை. டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார் என்று விளக்கினேன். மறுநாள் இரண்டு மாதச் சம்பளம் கையில் கொடுத்து, இனி நானே சமைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அவள் கீழே போய் ரெங்கராஜ் சாரிடம் சொல்லியிருக்கிறாள். வேலை போன வருத்தத்தில் பேசுகிறாள் என்று அவர் நினைத்துவிட்டார். அப்படி நினைக்கும்படி நான் முன்பே ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தேன்.

பொங்கலன்று காலை மதாமுக்கு வணக்கம் சொன்னேன். பதில் இல்லை. காபி வேண்டுமா என்றேன். பதில் இல்லை. அன்றிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பிரெஞ்சு பேசவில்லை. கொடுத்ததைச் சாப்பிடுவார், மாத்திரையை விழுங்குவார், ஜன்னல் வழியே கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் படித்துக் காட்டினேன். அவருடைய படங்களின் கதையை அவருக்கே சொன்னேன், வேண்டுமென்றே வருஷங்களை மாற்றிச் சொன்னேன், திருத்துவார் என்று. திருத்தவில்லை. வேண்டுமென்றே இலக்கணத்தைத் தப்பாகப் பேசினேன். அதற்கும் திரும்பிப் பார்க்கவில்லை. விஜயராணி, நீங்கள் இங்கே குற்றங்களைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஒரு வீட்டில் இரண்டே பேர் இருந்து, அதில் ஒருவர் ஐம்பத்தாறு நாள் இன்னொருவரிடம் வாய் திறக்காமல் இருப்பது எந்தச் சட்டத்தில் வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

மார்ச் பதினொன்று, செவ்வாய்க்கிழமை, அவர் இறந்தார். அந்தக் காலையைப் பற்றிக் கடைசியாகச் சொல்கிறேன். அதற்குப்பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும், இருந்தாலும் வரிசை விட்டுப்போகக் கூடாது.

டாக்டர் மாதவன் வந்து மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார். எலோடிக்கு நானே போன் செய்தேன். வியாழக்கிழமை வந்து சேர்ந்தாள். ஐம்பது வயதுப் பெண், பெரியம்மாவின் நெற்றி. வெள்ளிக்கிழமை அடக்கம். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அடுத்த நாள் ரெங்கராஜ் சார் எங்களைக் கீழே காபிக்குக் கூப்பிட்டார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷில் அவளுக்கு ஆறுதல் சொன்னார். உங்கள் பெரியம்மா பெரிய கலைஞர், கடைசிவரைக்கும் நடிப்பை மறக்கவில்லை, பாருங்கள் என்று சொல்லிப் போனை எடுத்து நீட்டினார். அதைத் தன் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டிருந்ததாகவும், எல்லாரும் பாராட்டியதாகவும் சொன்னார். நான் டபராவில் காபியை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

எலோடி பார்த்தாள். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னாள். மூன்றாவது முறை போனைக் கீழே வைத்துவிட்டு ரெங்கராஜ் சாரிடம் இங்கிலீஷில், மெதுவாக, ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். நீங்கள் என்னிடம் மொழிபெயர்ப்பு கேட்டீர்கள். அதை இங்கே தருகிறேன். அவள் சொன்னதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

'ஐயா, நான் சொல்வதை இந்தப் பெண் உங்களிடம் சொல்வதில்லை. எனக்கு நெஞ்சு வலிக்கிறது, டாக்டரிடம் சொன்னேன், அதையும் மாற்றிவிட்டாள். என் தங்கை மகளுக்குப் போன் செய்யுங்கள். எலோடி. எ-லோ-டி. எனக்கு ஊருக்குப் போக வேண்டும். உங்களுக்குப் புரியவில்லை என்று எனக்குத் தெரியும். என் முகத்தைப் பாருங்கள். நான் நடிக்கவில்லை. தயவுசெய்து என் முகத்தைப் பாருங்கள்.'

ரெங்கராஜ் சார் என் பக்கம் திரும்பினார். "அவங்க சொல்றது நிஜமா டீச்சர்?"

மொழிபெயர்ப்பு சரிதான் என்றேன்.

"நான் கைதட்டினேனே டீச்சர்."

அவ்வளவுதான் சொன்னார். எழுந்து வாசலுக்குப் போய், செருப்புகூடப் போடாமல் ரோட்டில் நின்றார். உங்களுக்குப் போன் செய்தது அவர் மனைவி. அந்த மனிதர் மேல் எந்தத் தப்பும் இல்லை. தனக்குச் சொல்லப்பட்டதை நம்பினார். டாக்டரும் அப்படித்தான். அவர்களைத் தொந்தரவு செய்யாதீர்கள். மாற்றியது நான். நெஞ்சுவலியை மறைத்தேன், ஊருக்குப் போகவிடாமல் வைத்தேன், எலோடியிடம் பொய் எழுதினேன், வீரம்மாளை அனுப்பினேன். எல்லாம் தெரிந்துதான் செய்தேன். கொல்ல நினைத்தீர்களா என்று கேட்டீர்கள். கொல்ல நினைக்கிறவள் காலையில் கஞ்சி வைத்து, ஆறவைத்து, கரண்டியால் ஊட்டிவிடுவாளா?

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை.

ரெங்கராஜ் சாரும் மனைவியும் விடியற்காலையிலேயே முசிறிக்கு ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டார்கள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர். பத்தே முக்கால் இருக்கும். மதாம் ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். நெற்றியும் கழுத்தும் வேர்த்திருந்தன. இடது கை நெஞ்சில் இருந்தது. வாயைத் திறந்தார். ஐம்பத்தாறு நாளுக்குப் பிறகு முதல் வார்த்தை.

"வலிக்குது."

நான் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எங்கே வலிக்கிறது மதாம் என்று பிரெஞ்சில் கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துச் சொன்னார்.

"வலிக்குது."

எனக்குத் தமிழ் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். பிரெஞ்சில் சொன்னால் எனக்கு இன்னும் நன்றாகப் புரியும் என்பதும் தெரியும். இருந்தும் அவர் கதவிடம், தமிழில், வீரம்மாள் சொல்லிக்கொடுத்த ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் போனைக் கையில் எடுத்துக்கொண்டேன். 108 என்று அழுத்தியும் வைத்தேன். பச்சைப் பொத்தானை மட்டும் தொடவில்லை. பிறகு அவரிடம், வகுப்பில் சொல்வதுபோலத்தான், மெதுவாகச் சொன்னேன்: பிரெஞ்சில் சொல்லுங்கள்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். என்ன சொல்லப்போகிறார் என்று நான் குனிந்து காத்திருந்தேன். மறுபடி கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஏழு முறை சொன்னார், எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசி இரண்டு முறை குரல் இல்லை, உதடு மட்டும். பதினொன்று ஐம்பதுக்கு எல்லாம் முடிந்தது. ஒரு மணி நேரத்துக்குமேல் நான் அவர் பக்கத்தைவிட்டு நகரவில்லை, அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் உருவிக்கொள்ளப் பார்த்தார், வலுவில்லை.

இதை மட்டும் நான் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள் விஜயராணி. அவர் ஒரே ஒரு வார்த்தை என்னிடம் பிரெஞ்சில் கேட்டிருந்தால் ஆம்புலன்ஸ் வந்திருக்கும். கேட்கவில்லை. போன் என் கையில்தான் இருந்தது.